உப்புத் தண்ணீரில் ஆர்சி (ரிமோட்) ஸ்பீட் போட்: பிரித்து, சரிசெய்து, டியூன் செய்யும் முறை

சுமார் 60 செ.மீ. நீளம், வி வடிவ அடி, பிரஷ்லெஸ் மோட்டார், 3எஸ் (மூன்று செல்) லைப்போ பேட்டரி. ராமநாதபுரம் கரையில் இப்படி ஒரு போட் வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு இது. வேகம் போதவில்லை என்றதும் கை நேரே பேட்டரிக்குத்தான் போகும். 3எஸ்-ஐக் கழற்றிவிட்டு 4எஸ் மாட்டுவார்கள். வோல்ட் கூடுவது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் புரொப்பல்லர் இழுக்கும் பவர் சுற்று வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது: 1.33 × 1.33 × 1.33, ஏறத்தாழ 2.4 மடங்கு. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. புகைவது இதனால்தான். பேட்டரியை அப்படியே விட்டுவிட்டு, கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. முதலில் சாப்ட்

மோட்டார் முனையில் சாப்ட்டைப் பிடிக்கும் கலெட்டைத் தளர்த்தி, புரொப்பல்லரைச் சுற்றும் வளையும் தண்டான பிளெக்ஸ் சாப்ட்டை முழுசாக உருவுங்கள். பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். கம்பி இழை பிரிந்திருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். நீளத்தில் ஓரிடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் அங்கே குழாயில் உரசுகிறது என்று அர்த்தம். மோட்டார் மவுண்ட் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, சாப்ட்டைத் திரும்பச் செருகிக் கையால் சுற்றிக்கொண்டே மோட்டாரை நகர்த்தி, இறுக்கம் விடும் இடத்தில் மறுபடி முடுக்குங்கள். மோட்டாரின் காந்தம் விட்டு விட்டுத் தடுப்பது இயல்பு. அதற்கு மேல் ஒரு சுற்றில் ஓரிடத்தில் பிடித்தால் இன்னும் கோணல் இருக்கிறது.

திரும்ப மாட்டும்போது புதியவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. பிளெக்ஸ் சாப்ட் முறுக்கிய கம்பிதான். லோடு ஏறினால் முறுக்கு இறுகி நீளம் குறையும். அதனால் டிரைவ் டாக்குக்கும் (புரொப்பல்லரைப் பிடித்துச் சுற்றும் துண்டு) ஸ்ட்ரட் (பின்பலகைக்கு வெளியே சாப்ட்டைத் தாங்கும் கை) முனைக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஒட்டி வைத்தால் கரையில் அழகாகச் சுற்றும். தண்ணீரில் டாக் ஸ்ட்ரட்டை அழுத்தி புஷ் (ஸ்ட்ரட்டுக்குள் சாப்ட் சுற்றும் குழல்) சூடேறும், கரண்ட் ஏறும், மோட்டார் பேரிங்கும் போகும்.

கிரீஸ் நீர் தாங்கும் வகையாக இருக்கட்டும். வள்ளத்து எஞ்சின் சாமான் விற்கும் கடையில் கேட்டால் தருவார்கள்.

2. புரொப்பல்லர்

வாங்கியபடியே மாட்டாதீர்கள். ஒரு மெல்லிய கம்பியில் கோத்துப் பிடித்தால் கனமான இதழ் கீழே இறங்கும். அந்த இதழின் குவிந்த பக்கத்தை மட்டும் 400 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, இரண்டும் சமமாக நிற்கும்வரை கொண்டுவாருங்கள். தண்ணீரைத் தள்ளும் குழிந்த பக்கத்தைத் தொட வேண்டாம். தண்ணீரை முதலில் வெட்டும் முன்விளிம்பைக் கத்திபோலக் கூராக்குங்கள். பிறகு அதைத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும், விரலைக் கிழித்துவிடும்.

அளவை மாற்றினால் ஒரு தடவைக்கு 2 மி.மீ. போதும். அதே பிட்ச் விகிதத்தில் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம்) 40 மி.மீ.-லிருந்து 42 போனாலே லோடு கால் பங்குக்கு மேல் ஏறும்.

3. எடையும் ஸ்ட்ரட் கோணமும்

பேட்டரியோடு போட்டை இரண்டு விரலில் தூக்கிச் சமநிலைப் புள்ளியைப் பாருங்கள். பின்பலகையிலிருந்து நீளத்தில் 30–33 சதவீதத்தில் இருக்க வேண்டும், 60 செ.மீ. போட்டுக்கு 18–20 செ.மீ. பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தியே இதைப் பிடிக்கலாம்.

ஸ்ட்ரட்டை அடிப்பகுதிக்கு இணையாக வைத்துத் தொடங்குங்கள். அணியம் (முன்பகுதி) வானத்தைப் பார்த்து எழுந்தால் ஸ்ட்ரட்டின் பின்முனையை ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தாழ்த்துங்கள். பின்பக்கம் எழும்பி அணியம் அமரும். தண்ணீரை உழுதுகொண்டு போனால் எதிர்ப்பக்கம். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

4. தண்ணீர் போக வேண்டிய இடமும் போகக் கூடாத இடமும்

கூலிங் குழாயில் ஊசி இல்லாத சிரிஞ்ச் வைத்து நல்ல தண்ணீர் அடித்துப் பாருங்கள். மறுமுனையில் தடையில்லாமல் பீறிட வேண்டும். ரிசீவரைப் பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். ஆன்டெனா முனை மேல்தட்டுக்கு மேலே நிற்கட்டும்; 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் உப்புத் தண்ணீருக்குள் போகாது. அணியத்துக்குள் தெர்மாகோல் திணியுங்கள், கவிழ்ந்தாலும் மிதக்கும். மூடியைச் சுற்றி டேப்.

இ.எஸ்.சி.யில் ரிவர்ஸை அணைத்து, கட்-ஆஃபை (பேட்டரி இறங்கினால் பவரைக் குறைக்கும் அளவு) செல்லுக்கு 3.4 வோல்ட்டில் வையுங்கள். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காத போட்டைக் கடலில் விட்டால் அது போனதுதான்.

5. எங்கே ஓட்டுவது

மழைக்குப் பின் நிறைந்த கண்மாய்தான் பழக ஏற்ற இடம். ஆனால் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், காஞ்சிரங்குளம், சித்திரங்குடி கண்மாய்கள் பறவைகள் சரணாலயம். அங்கே வேண்டவே வேண்டாம். கடல் என்றால் காற்றைப் பாருங்கள். வாடை (வடகிழக்குக் காற்று) காலத்தில் வடகடல் (பாக் நீரிணை) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் நேர்மாறு. எப்போதானாலும் காற்று எழும்புவதற்கு முந்தைய காலை நேரம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி தேசியப் பூங்கா; அந்தப் பக்கம் போகக் கூடாது. வலை, பாசி வளர்க்கும் மிதவை, பாம்பன் கால்வாய் நீரோட்டம் இவற்றிலிருந்தும் விலகி இருங்கள்.

பாக் நீரிணைக் கரையில் ஆழம் குறைவு, கடல்தாழை (கடற்புல்) அதிகம். ஒரு கீற்று புரொப்பல்லரில் சுற்றினாலே சத்தம் கம்மும், வேகம் விழும். உடனே திராட்டிலை விட்டுவிடுங்கள். அழுத்தி அறுத்துவிடலாம் என்று நினைத்தால் கருகுவது இ.எஸ்.சி.

6. முதல் ஓட்டம்

டைமரில் 2 நிமிடம். கரைக்கு வந்ததும் மோட்டாரில் விரல் வைத்து மூன்று விநாடி தாங்க முடிகிறதா பாருங்கள். தாங்காவிட்டால் புரொப்பல்லரைச் சிறிதாக்குங்கள், அல்லது கூலிங் குழாயில் மணல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சார்ஜர் எவ்வளவு திரும்ப ஏற்றியது என்று படியுங்கள். 5000 எம்.ஏ.எச். பேட்டரியில் 4000-க்கு மேல் ஏறியிருந்தால் ஓட்டம் நீண்டுவிட்டது. குறைவாக இருந்தால் அரை நிமிடம் அரை நிமிடமாகக் கூட்டலாம்.

நடுக்கடலில் நின்றுவிட்டால் நீந்திப் போகாதீர்கள். தூண்டில் நரம்பில் டென்னிஸ் பந்து கட்டி, போட்டைத் தாண்டி எறிந்து மெல்ல இழுங்கள்.

7. அன்றைக்கே கழுவ வேண்டும்

நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பேரிங் கரகரக்கும், இணைப்புகளில் பச்சை பூக்கும். ஆனால் எந்தத் தண்ணீர் என்பதைக் கவனியுங்கள். இந்தக் கரையில் பல ஊர்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் துடைப்பதுதான். காவிரி குடிநீர் இரண்டு லிட்டர் கேனில் கொண்டுபோங்கள். பேட்டரியைக் கழற்றிய பின் மோட்டார், கூலிங் குழாய், ஸ்ட்ரட் எல்லாவற்றிலும் ஊற்றி, ஊதி உலர்த்தி, பேரிங்குக்கு ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். சாப்ட்டை உருவித் துடைத்துப் புதுக் கிரீஸ். மூடியைத் திறந்தே வையுங்கள்.

அடிப்பகுதி கீறினால்

பைபர் வள்ளம் கட்டும் இடத்தில் பைபர் மேட்டும் (இழைப் பாய்) ரெசினும் கிடைக்கும். உங்கள் போட்டும் பைபர் என்றால் அதுவே போதும். வார்னிஷ் போகத் தேய்த்து உள்பக்கமிருந்து இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். கோபால்ட்டை (வேகமூட்டி) முதலில் ரெசினில் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்). இரண்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் போட்டில் அந்த ரெசின் வேண்டாம். அதற்கு எப்பாக்சி வாங்கி, 120 நம்பர் தாளால் சொரசொரப்பாக்கி, 24 மணி நேரம் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறக்குங்கள்.