கல்லூரி ஃபுட்பால் சீசனை ஒரே ஒரு அணியோடு முழுசாகப் பார்ப்பது எப்படி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் விதிகளில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். பத்து யார்டு முன்னேற நான்கு டவுன், அதாவது நான்கு முயற்சி, டச்டவுனுக்கு ஆறு புள்ளி, இதெல்லாம் இரண்டு மேட்ச் பார்த்தால் தானாகப் பிடிபட்டுவிடும். பிடிபட நேரமாவது சீசன்தான். மேல் பிரிவில் மட்டும் 130க்கும் மேற்பட்ட அணிகள், ஆளுக்கு 12 மேட்ச், ஒரு அணி மற்ற அணிகளில் முக்கால்வாசிக்கு மேல் அந்த வருடம் மோதவே மோதாது, அப்படியிருக்க யார் பெரிய ஆள் என்பது எப்படி முடிவாகிறது? ஒரே ஒரு அணியை எடுத்துக்கொண்டு ஆகஸ்ட் கடைசியில் இருந்து அதன் கூடவே போய்ப் பாருங்கள், புரியும்.

எந்த அணி என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். நீங்களோ வீட்டில் யாரோ படித்த கல்லூரி இருந்தால் அதுதான். அப்படி எதுவும் இல்லையென்றால், பிக் டென் அல்லது எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸில் (கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடிப் பட்டம் வெல்லும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) நடுவாக்கில் இருக்கிற ஒரு அணியை எடுங்கள் என்பேன். எப்போதும் ஜெயிக்கிற அணியோடு போனால் செப்டம்பர், அக்டோபர் எல்லாம் சப்பென்று போகும். நடுத்தர அணிக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ ஒன்று பணயத்தில் இருக்கும்.

அடுத்த வேலை, சீசன் தொடங்கும் முன் அட்டவணையைக் கையில் எடுப்பது. இதைச் செய்யாமல் ஸ்கோரை மட்டும் பார்க்கிறவர்கள்தான் நவம்பரில் குழம்பிப் போகிறார்கள். முதல் மூன்று நான்கு மேட்ச் பெரும்பாலும் கான்ஃபரன்ஸுக்கு வெளியே. பெரிய கல்லூரிகள் சின்னக் கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் மைதானத்துக்கு வரவழைக்கிற மேட்ச்களும் இதில் உண்டு, அங்கே 50 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாலும் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்புறம் எட்டு அல்லது ஒன்பது கான்ஃபரன்ஸ் மேட்ச். பிக் டென்னில் 18 அணிகள், எஸ்.இ.சி.யில் 16, ஆக உங்கள் அணி யாரோடு மோதுகிறது என்பதற்குச் சமமாக யாரோடு மோதவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் வெளியூர் மேட்ச் எங்கே வருகிறது, ஓய்வு வாரம் எப்போது, பெரிய எதிரியோடு ஆடிய அடுத்த வாரம் யார் காத்திருக்கிறார்கள், இந்த மூன்றுக்கும் ஒரு கோடு போட்டு வையுங்கள். சறுக்கல்கள் பெரும்பாலும் அந்தக் கோடுகளுக்குப் பக்கத்தில்தான் நடக்கும்.

செப்டம்பரில் ஸ்கோரை விட ஆஃபென்சிவ் லைனைப் பாருங்கள், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கிறவர்களை. குவார்ட்டர்பேக்குக்குப் பந்தை எறிய நேரம் கிடைக்கிறதா, மூன்றாவது டவுனில் பத்து யார்டைத் தாண்டுகிறார்களா, தேவையில்லாத பெனால்ட்டி எத்தனை. பலவீனமான எதிரியிடமே இதில் தடுமாறினால் அக்டோபரில் அடி விழும். புதுப் பையன்களையும் இப்போதே கவனித்து வையுங்கள். 2018இல் வந்த விதிப்படி, ஒரு வீரர் நான்கு மேட்ச் வரை ஆடினாலும், அவர் கல்லூரியில் ஆட அனுமதியுள்ள வருடக் கணக்கில் அந்த வருடம் சேராது. அதனால் மேட்ச் கைக்குள் வந்ததும் பயிற்சியாளர்கள் முதல் வருட மாணவர்களைக் களமிறக்கிப் பார்ப்பார்கள். அடுத்த வருட அணியின் முகம் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் தெரியும், தயவுசெய்து டிவியை அணைத்துவிடாதீர்கள்.

ரேங்கிங் விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். 1936இல் இருந்து ஏ.பி. செய்தி நிறுவனம் வெளியிட்டு வருகிற பட்டியல் பத்திரிகையாளர்கள் வாக்களித்துப் போடுவது, பேச்சுக்கு நல்லது. சீசன் கடைசியில் தேசியப் பட்டத்துக்காக நடக்கும் நாக்அவுட் சுற்றான பிளேஆஃபுக்கு யார் போகிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது தனியாக ஒரு தேர்வுக்குழு, அவர்களுடைய பட்டியல் நவம்பரில்தான் வர ஆரம்பிக்கும். 2023 சீசன் வரை நான்கு அணிகளுக்குத்தான் இடம், 2024இல் இருந்து 12.

இந்த மாற்றத்தால் ஒரு தோல்வியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதே மாறிவிட்டது, இதில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட் கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டியும் சேர்த்து 13 மேட்சும் ஜெயித்து, தன் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் பட்டத்தையும் வாங்கிவிட்டு, நான்கு பேரில் ஒருவராக வர முடியாமல் வெளியே நின்றது. நவம்பரில் அதன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காலில் அடிபட்டு விலகியிருந்தார், அவர் இல்லாத அணி பழைய அணி இல்லை என்று குழு பார்த்தது. ஒரு மேட்ச் தோற்றிருந்த அலபாமா உள்ளே போனது. அது அநியாயம் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. சரி, அடுத்த வருடத்தைப் பாருங்கள். நோட்ரே டேம் 2024 செப்டம்பர் 7 அன்று சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. ஒஹையோ ஸ்டேட் அக்டோபரில் ஆரிகனிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்று, நவம்பர் 30 அன்று அந்த வருடம் தடுமாறிக்கொண்டிருந்த மிஷிகனிடம், அதுவும் சொந்த மைதானத்தில், 13-10 என்று தோற்றது. கடைசியில் 2025 ஜனவரி 20 அன்று அட்லான்டாவில் இறுதிப் போட்டி ஆடியது இந்த இரண்டு அணிகள்தான், ஒஹையோ ஸ்டேட் 34-23 என்று ஜெயித்தது.

ஆகவே உங்கள் அணி தோற்றால் நான்கு கேள்வி கேளுங்கள்: யாரிடம், எங்கே, எந்த மாதம், யார் ஆடாதபோது. நான்குக்கும் பதில் மோசமாக இருந்தால்தான் கவலை. முன்பு ஒரு தோல்வியே கதையை முடித்துவிடலாம். இப்போது இரண்டு தோல்வியோடும் உள்ளே போக வழி இருக்கிறது, மூன்றாவதில்தான் பிறர் தயவு தேவைப்படும்.

நீங்கள் எடுத்த அணி பிளேஆஃப் பக்கமே போகவில்லை என்றால் பார்க்க ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். ஆறு வெற்றி இருந்தால் ‘போல்’ (bowl) ஆட்டத்துக்கு, அதாவது சீசன் முடிந்தபின் நடக்கும் தனி ஆட்டத்துக்கு, தகுதி. நவம்பர் கடைசி சனிக்கிழமை ஐந்து வெற்றி, ஆறு தோல்வியோடு ஒரு அணி பரம எதிரியைச் சந்திக்கிறது என்றால், அன்றைக்கு அந்தக் கல்லூரிக்கு அதைவிடப் பெரிய மேட்ச் கிடையாது. கடைசி வருட மாணவர்கள் சொந்த மைதானத்தில் ஆடும் கடைசி மேட்ச் பெரும்பாலும் இந்த நாட்களில்தான் வரும், முடிந்தால் அதை நேரில் போய்ப் பாருங்கள்.

டிசம்பரில் மட்டும் அவசரப்பட்டு எடை போடாதீர்கள். பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார், தொழில்முறை அணிக்குப் போகிற வீரர்கள் அடிபடக் கூடாதென்று ஒதுங்கியிருப்பார்கள், சிலர் கல்லூரி மாறக் கிளம்பியிருப்பார்கள். மேலே சொன்ன அதே ஃபுளோரிடா ஸ்டேட், பல ஆட்கள் இல்லாமல் ஆரஞ்ச் போல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றது. அந்த ஸ்கோரை வைத்து 2023 அணியை எடை போடுவது சரியே இல்லை. டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை ராணுவ, கடற்படைக் கல்லூரிகளுக்கு இடையே நடக்கிற ஆர்மி-நேவி ஆட்டம் மட்டும் இதற்கெல்லாம் அப்பாற்பட்டது, உங்கள் அணி எதுவானாலும் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஜனவரியில் இறுதிப் போட்டி முடிந்ததும் யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். குவார்ட்டர்பேக் இருக்கிறாரா, ஆஃபென்சிவ் லைனில் எத்தனை பேர் மிச்சம், இந்த இரண்டையும் முதலில் எழுதுங்கள். புது அட்டவணையை அதற்குப் பக்கத்தில் வைத்து, மறுபடியும் கோடு போட ஆரம்பிக்கலாம்.