சொந்தக் கதையை நாடகமாக்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் இளைஞர் நாடகக் குழுவின் ஒத்திகைக்குப் போயிருந்தேன். கடைவீட்டு மாடி, ஒரே ஒரு மின்விசிறி, தரையில் வட்டமாகப் பத்துப் பேர். ஆளாளுக்குத் தங்கள் வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னார்கள். ஒரு பெண் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் இயக்குநர் தம்பி நோட்டுப் புத்தகத்தில் வேகமாக எழுத ஆரம்பித்துவிட்டார். அதற்குமேல் எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நானும் அப்படி எழுதியவன்தான்.

வசனம் மறப்பது, முதுகைக் காட்டி நிற்பது பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. நாலு ஒத்திகையில் அவை சரியாகிவிடும்.

குறியீடுகளை அடுக்குவது

சிவப்புத் துணி, வெள்ளை முகமூடி, தொங்கும் கயிறு. மூன்றும் ஒரே நாடகத்தில் வேண்டாம்.

கதை, சொன்னவருக்கு மட்டுமே சொந்தம் என்று நினைப்பது

2006. பாராகுவாட் களைக்கொல்லிக்கு இருந்த தடையை மலேசிய அரசாங்கம் தளர்த்திய வருஷம். தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் நம் பெண்கள் நிறையப் பேர். மூக்கில் ரத்தம் வடிவதும் நகம் கழன்று விழுவதும் அவர்களுக்குப் புதிதல்ல. முழுத் தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. அந்த 2006இல் இந்த மருந்தைப் பற்றி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு நாடகம் செய்தோம். எழுதிய பிரதியோடு ஆரம்பிக்கவில்லை. நடிகர்களின் அனுபவங்களிலிருந்தே காட்சிகளைக் கட்டுவது என்று முடிவு.

மூன்றாவது வாரம் ஒரு தங்கை வாய் திறந்தாள். அவள் அம்மா சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பல வருஷம் மருந்தடித்தவர். ஒரு நாள் வேலைக்காட்டிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதக் கரு. வீட்டுக்கு வந்து சாரோங்கைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, வழக்கம்போல் சோறு ஆக்கினாராம். அவர் முழுகாமல் இருந்ததே அப்பாவுக்குத் தெரியாது.

அந்தத் துவைப்பை மேடையில் வைத்தேன். அலுமினிய வாளி, தண்ணீர் கிடையாது, காய்ந்த துணி. அவள் துணியை முறுக்கிப் பிழிவாள். பிழியப் பிழியக் கதையைச் சொல்வாள். நான் இயக்கியதிலேயே மிக நல்ல காட்சி அது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். என் மேல் எனக்குள்ள ஆத்திரம் இன்னும் அடங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

சம்மதமா என்று இரண்டு தடவை கேட்டேன். "சரி அண்ணே" என்றாள். அவளிடம் மட்டும்தான் கேட்டேன்.

முதல் நாள் காட்சிக்கு அம்மா வந்திருந்தார். கூடவே சித்தி, பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கம்பக்கத்தினர். ஒரு வேன் பிடித்து வந்தார்கள். மூன்றாவது வரிசை. வாளியைக் கண்டதும் அந்த அம்மா மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான், நாடகம் அவரைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன்.

வெளியே படிக்கட்டருகில் என்னிடம், "நல்லா இருந்துச்சு தம்பி" என்றார். மகள் பக்கம் திரும்பி, "இத ஒங்கப்பாகிட்டகூட நான் சொன்னதில்லடி" என்றார்.

அன்றிரவே அந்தக் காட்சியை எடுத்திருக்க வேண்டும். நாடகத்தின் முதுகெலும்பே அதுதான் என்று நான் வாதாடினேன். மறுநாளும் அவள் செய்தாள். மூன்றாம் நாள் வாளி முன்னால் உட்கார்ந்தவளுக்குப் பேச்சு வரவில்லை. விளக்கை அணைத்தோம், டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தோம். காசு போனது பெரிதில்லை. அவள் அதற்குப் பிறகு மேடை ஏறவே இல்லை. அந்த அம்மா தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். பார்க்கிறவர்கள் எல்லாரும் அதையே விசாரித்தார்களாம்.

இப்போது யாராவது கதை சொன்னால் முதலில் பேனாவை மூடி வைக்கிறேன். அப்புறம், அந்தக் கதையில் வரும் ஒவ்வொருவர் பெயரையும் சொன்னவரையே ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். யார் உயிரோடு இருக்கிறார், யார் இந்த மண்டபத்துக்கு வரக்கூடும், யார் இதை ரகசியமாக நம்பிச் சொன்னார். அவர்கள் சம்மதிக்காத சம்பவம் மேடைக்கு வராது. பெயரை மட்டும் மாற்றுவது பயன்படாது. நம் வட்டம் சின்னது. காப்பாரில் நடந்ததை பந்திங்கில் நடந்ததாகச் சொன்னாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தொழில், ஊர், உறவு மூன்றையும் மாற்றி, வேறொரு நடிகரிடம் கொடுங்கள்.

கடைசி நாள்வரை வேண்டாம் என்று சொல்லலாம் என வாயால் சொன்னால் போதாது. அந்தக் காட்சி இல்லாமல் நாடகத்தை ஒரு தடவை முழுசாக ஓட்டிப் பாருங்கள். ஓடாவிட்டால் அந்த நடிகர் வேண்டாம் என்று சொல்லவே மாட்டார். மற்ற ஒன்பது பேரின் உழைப்பும் அவர் தலைமேல் இருக்கும்.

கற்பனை கலந்தால் உண்மை குறையுமே என்று அந்த செந்தூல் தம்பி கேட்டார். 1984இல் கிரிஷன் ஜித், மரியன் டி குரூஸ் முதலியோருடன் சேர்ந்து ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர் என்ற மலேசியக் கலைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் எழுத்தாளர் கே.எஸ். மணியம். கெடா பீடோங்கில் பிறந்தவர். தோட்ட வாழ்க்கையைக் கற்பனைப் பாத்திரங்கள் வழியாகத்தான் மேடைக்குக் கொண்டுவந்தார். உண்மை அதில் எங்கே குறைந்தது?

ஆறாத காயத்தைத் தினமும் கிளறுவது

"உண்மையாக அழு" என்று சொல்லும் இயக்குநர்கள் அமெரிக்க நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் பெயரை இழுப்பார்கள். சொந்த நினைவிலிருந்து உணர்ச்சியை எடுக்கச் சொன்ன அதே ஸ்ட்ராஸ்பெர்க், குறைந்தது ஏழு வருஷம் பழைய நினைவாக இருக்கட்டும் என்றும் சொன்னார். அதை யாரும் சொல்வதில்லை. போன வருஷம் நடந்த சாவை இந்த வருஷ நாடகத்தில் வைக்காதீர்கள்.

ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்ட் காட்டிய வழி எனக்கு இன்னும் பிடிக்கும். சாலை விபத்தைப் பார்த்த ஒருவர் கூட்டத்துக்கு அதை விளக்குகிறார்: கார் இப்படி வந்தது, பெரியவர் இப்படித் திரும்பினார். அவர் அடிபட்டவராக மாறுவதில்லை, நடந்ததைக் காட்டுகிறார். அதனால் கேட்கிறவர்களும் யார் மேல் தப்பு என்று யோசிக்க முடிகிறது. பாத்திரத்தை 'நான்' என்று பேசாமல் 'அவள்' என்று ஒரு தடவை பேசவிட்டுப் பாருங்கள். நடிகர் மூச்சு விடுவது உங்களுக்கே தெரியும்.

நடிகரின் வாழ்க்கைக்குப் பார்வையாளரிடம் தீர்வு கேட்பது

பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்டோ போவாலின் ஃபோரம் நாடகம் 1973இல் பெருவில் பிறந்தது. நடிகர்கள் தான் சொன்னதைச் சரியாகச் செய்யவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் மேடையேறித் தானே செய்து காட்டினார். பார்க்கிறவர் எழுந்து வந்து பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு வழியை முயன்று பார்ப்பதுதான் அதன் உயிர். இங்கே பல குழுக்கள், அடி வாங்கியது அந்த நடிகைதான் என்று அறிவித்துவிட்டுக் கூட்டத்திடம் மைக்கை நீட்டுகின்றன. முதல் வரிசை மாமா எழுந்து, "கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்மா" என்பார். அவள் அங்கேயே நின்று கேட்க வேண்டும். நடுவே புகுந்து நிறுத்தத் தெரிந்த ஒருவர் இல்லையென்றால் அந்தப் பகுதியே வேண்டாம்.

வசனத்தைத் திருத்துவது

லயத்தில் வளர்ந்த அத்தை, கஷ்டம் என்பதற்கு மலாய்ச் சொல்லான "சூசா" என்றுதான் சொல்வாள். அதைத் 'துயரம்' ஆக்காதீர்கள்.

உரிமம்

கோலாலம்பூரில் மேடையேற டிபிகேஎல் (மாநகராட்சி) உரிமம் வேண்டும், பிரதியையும் கேட்பார்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

நாடகம் முடிந்ததும் எல்லா விளக்கையும் போடுவது

கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பவர் மேல் வெள்ளை வெளிச்சத்தைக் கொட்டாதீர்கள். பாதி விளக்கில் ஐந்து நிமிடம் விடுங்கள். நாடகத்தில் அடிதடி, தற்கொலை, பாலியல் கொடுமை இருந்தால் டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிடுங்கள். இருபத்து நாலு மணி நேரமும் தொலைபேசியில் கேட்க ஆள் வைத்திருக்கும் பிஃபிரெண்டர்ஸின் எண்ணை வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு மேசை, தேத்தண்ணி, இரண்டு நாற்காலி. ஒன்றில் குழுவிலிருந்து ஒருவர் உட்காரட்டும், மற்றது வருகிறவருக்கு.