சாணம் எருவாக வேண்டுமானால் சூடேற வேண்டும்

ஒரு மூலையில் மாதக்கணக்கில் கிடந்த சாணம் கறுத்து, நாற்றம் அடங்கிவிட்டால் அது உரமாகிவிட்டது என்றே பெரும்பாலும் எண்ணுகிறோம். ஆனால், கிடந்து பழையதான சாணம் வேறு, சூடேறி மட்கிய எரு வேறு. ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகளையும் குடற்புழு முட்டைகளையும் விரைவாக அழிப்பது, குவியலுக்குள் நுண்ணுயிர்கள் எழுப்பும் வெப்பமே.

மாடு, ஆடு, குதிரை, கோழி ஆகியவற்றின் கழிவை இதற்குப் பயன்படுத்தலாம். நாய், பூனை, பன்றி ஆகியவற்றின் கழிவைக் காய்கறித் தோட்டத்துக்கான குவியலில் சேர்க்கவே வேண்டாம். சாணத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி என்பதால் அதற்கு ஈடாகக் கரிமம் நிறைந்த வைக்கோலையோ காய்ந்த சருகையோ கலக்க வேண்டும். ஒரு கூடைச் சாணத்துக்கு இரண்டு கூடைச் சருகு என்று தொடங்கலாம். தழைச்சத்து இன்னும் மிகுந்த கோழி எச்சத்துக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் சருகு போதவில்லை என்று பொருள்.

குவியலின் நீளம், அகலம், உயரம் மூன்றும் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. சிறிய குவியலில் வெப்பம் தங்காது. ஈரத்தை அறியக் கைதான் கருவி. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் மிகுதி, கையை விரித்ததும் உதிர்ந்தால் குறைவு.

இனி வெப்பம். நீண்ட தண்டுள்ள வெப்பமானியைக் குவியலின் நடுவே செருகிப் பாருங்கள். 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாத வெப்பம் 15 நாட்களாவது நிற்க வேண்டும். அந்த நாட்களுக்குள் குறைந்தது 5 முறை புரட்டிவிட வேண்டும். பலரும் சோம்பலில் தவறவிடுவது இந்தப் புரட்டலைத்தான். நடுப்பகுதி ஆவி பறக்கக் கொதிக்கும்போதும் வெளித்தோல் குளிர்ந்தே இருக்கும். அங்குள்ள கிருமிக்கு ஒன்றும் நேராது. ஆகவே வெளியில் இருப்பதை உள்ளேயும் உள்ளே இருப்பதை வெளியேயும் மாற்றுவதே புரட்டலின் நோக்கம். வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினால் மட்கச் செய்யும் நுண்ணுயிர்களே மடியத் தொடங்கும் என்பதால் அப்போதும் உடனே புரட்டுங்கள்.

குவியலைத் தொடங்கிய பின் அதில் புதுச் சாணத்தைப் போடாதீர்கள். புதுச் சாணம் அள்ளிய மண்வெட்டியைக் கழுவாமல் முற்றிய எருவில் வைப்பதும் அதே தவறுதான். இப்படிச் சூடேறி முடிந்து, புரட்டிய பிறகும் மீண்டும் சூடேறாமல் அடங்கிய குவியலை மழை படாமல் மூடி, மேலும் இரண்டு மாதமாவது ஆற விடுங்கள். சூடேற்ற வழியே இல்லையென்றால் பச்சைச் சாணத்தை மண்ணில் கலந்து, மண்ணைத் தொட்டு வளரும் காய்கறிகளின் அறுவடைக்கு 120 நாட்கள் இடைவெளி விட வேண்டும். தரையைத் தொடாத காய்களுக்கு 90 நாட்கள்.

கால்நடை தின்ற தீவனப் புல்லில் களைக்கொல்லி அடிக்கப்பட்டிருந்தால், சில வகைக் களைக்கொல்லிகள் இந்த வெப்பத்திலும் முழுதாகச் சிதையாமல் எருவில் தங்கிவிடும். எனவே பாத்தியில் பரப்புவதற்கு முன் ஒரு சட்டியில் எருவையும் மண்ணையும் கலந்து நாலைந்து அவரை விதைகளை ஊன்றுங்கள். மூன்று வாரத்தில் தளிர் இலைகள் சுருண்டு முறுக்கிக்கொண்டு வந்தால், அந்த எரு காய்கறிப் பாத்திக்கு ஆகாது.