த்ராம்பினை ஆப்டமர் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது? கேப்பிலரியில் அளந்து பார்ப்போம்

மெல்லிய கண்ணாடிக் குழாயில் மின்னழுத்தம் கொடுத்து மூலக்கூறுகளைப் பிரிக்கும் கேப்பிலரி எலக்ட்ரோபோரெசிஸில் எனக்குப் பிடித்த விஷயம், சாம்பிள் துளிகூட வீணாகாது. 75 மைக்ரோமீட்டர் உள்விட்டக் குழாயில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 44 நானோலிட்டர்தான் கொள்ளும். பழகுவதற்கு, 1992இல் வெளியான 15 எழுத்து டிஎன்ஏ ஆப்டமரை (குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் குட்டி டிஎன்ஏ இழை) எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தை உறைய வைக்கும் த்ராம்பினைப் பிடிக்கும் இது. ஒரு முனையில் ஃப்ளோரசீன் சாயம் ஒட்டியே வாங்கிவிட்டால் 488 நானோமீட்டர் லேசர் டிடெக்டரில் பளிச்சென்று தெரியும்.

முதலில் குழாய். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, தண்ணீர், ரன் பஃபர் (ஓட்டும்போது குழாயை நிரப்பும் கரைசல்) என்று வரிசையாக ஓடவிட்டுக் கழுவுங்கள். டிடெக்டருக்காக மேல்பூச்சை எரித்த இடத்தில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படக்கென்று ஒடியும்.

அப்புறம் ஆப்டமரை மடிக்க வேண்டும். பொட்டாசியம் உள்ள பஃபரில் 95 டிகிரிக்குச் சூடாக்கி, மெதுவாக ஆறவிடுங்கள். டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றான ஜி, நான்கு நான்காகச் சேர்ந்து இரண்டு தட்டுகளாக அடுக்கிக்கொள்ளும், அதைத் தாங்கிப் பிடிப்பது பொட்டாசியம். அதனால் ரன் பஃபரிலும் கொஞ்சம் போடுங்கள், அதிகம் போட்டால் குழாய் சூடாகும். 5, 10, 15, 20 கிலோவோல்ட் என்று ஏற்றிப் பாருங்கள். மின்னோட்டம் அதே விகிதத்தில் ஏறாமல் மேல்நோக்கி வளைந்தால் சூடு ஏறுகிறது என்று அர்த்தம்.

சரி, இனி கலவை. ஆப்டமர் எப்போதும் 50 நானோமோலர், த்ராம்பின் மட்டும் 0, 10, 50, 100, 200, 500. சமநிலை வரக் கொஞ்ச நேரம் விட்டு, குழாய் நீளத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகாதபடி இன்ஜெக்ட் செய்து, நேர்மின்முனைப் பக்கத்திலிருந்து ஓட்டுங்கள்.

பூச்சில்லாத குழாயில் த்ராம்பினும் ஆப்டமரும் இணைந்த ஜோடி முதலில் வரும், தனி ஆப்டமர் பின்னால் வரும். டிடெக்டர் வரையும் படத்தில் இரண்டு பீக்குக்கும் (மேடுகளுக்கும்) நடுவே பேஸ்லைன் (அடிக்கோடு) தூக்கிக்கொண்டு ஒரு பாலம் மாதிரி தெரியும். முதல் தடவை அதை அழுக்கு என்று நினைத்து நான் ஒரு நாள் முழுக்கக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன்! உண்மையில் அது ஓடும் வழியிலேயே பிரிந்த ஜோடிகள், கணக்கில் அதையும் இணைந்த பக்கத்தில்தான் சேர்க்க வேண்டும். மெதுவாகப் போவது டிடெக்டர் முன்னால் அதிக நேரம் நிற்கும் என்பதால் ஒவ்வொரு பரப்பளவையும் அது வந்து சேர்ந்த நேரத்தால் வகுத்துவிடுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: த்ராம்பின் 100 போட்டபோது ஜோடி 30, பாலம் 30, தனி ஆப்டமர் 40 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இணைந்தது 60 சதவீதம், அதாவது 30 நானோமோலர். மீதி ஆப்டமர் 20, மீதி த்ராம்பின் 70. இருபதை எழுபதால் பெருக்கி முப்பதால் வகுத்தால் பிரிகை மாறிலி (இது குறைய குறையப் பிடி இறுக்கம்) சுமார் 47 நானோமோலர். பிரியும் வேகமும் இதே படத்தில் கிடைக்கும்: 60ஐ 30ஆல் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, ஜோடி வந்து சேர்ந்த நேரத்தால் வகுக்க வேண்டும். அது 200 விநாடி என்றால் விநாடிக்கு 0.0035.

அதே எழுத்துகளைக் கலைத்துப் போட்ட டிஎன்ஏவையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதிலும் ஜோடி பீக் வந்தால் மேலே போட்ட கணக்கை நம்பாதீர்கள்.