குத்துவிளக்குக்கு அளவெடுத்து ஓர் உறை

குத்துவிளக்கு பார்சலுக்கு நான் ரெடிமேட் கவர் வாங்குவதில்லை. பாலிதீன் டியூப் ரோல்தான்: நீளக் குழாய் போன்ற பிளாஸ்டிக் உறை, சுருளாக வரும், வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். விளக்குக்கு விளக்கு உயரம் மாறுகிறதே!

அகலத்தில்தான் பலர் ஏமாறுவார்கள். பொருளின் சுற்றளவில் பாதியைவிடச் சற்று அதிகமாக டியூப்பைத் தட்டையாக வைத்தால் வரும் அகலம் வேண்டும். விளக்கின் தட்டு விட்டம் 6 அங்குலம் என்றால் சுற்றளவு சுமார் 19. ஆகவே 10 அங்குல ரோல். தடிமன் 400 கேஜ், அதாவது 100 மைக்ரான். மெலிசாக வாங்கினால் திரி முகத்தின் நுனி கிழித்துவிடும்.

விளக்கைத் திருகிக் கழற்றி, கைரேகை போகத் துடையுங்கள். பாகத்தின் உயரம், விட்டம், ஒட்டுவதற்கு 2 அங்குலம், மூன்றையும் கூட்டி வெட்டுங்கள். டியூப்பின் அடியை சீலரில் (சூட்டால் பிளாஸ்டிக்கை ஒட்டும் கருவி) ஒட்டி, பாகத்தோடு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, காற்றை அழுத்தி எடுத்து வாயை ஒட்டுங்கள். அப்புறம் பபிள் ராப். டியூப் ஈரத்தையும் கீறலையும்தான் தடுக்கும், அடி தாங்காது.