முதல் பார்வையைத் தீர்ப்பாக்காதீர்கள்: காதல் ஆலோசனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறவு ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்கிறார்கள். பழைய படத்தைக் காட்டாதே, சுத்தமாக உடுத்திப் போ என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன்.

"அழகெல்லாம் முக்கியமே இல்லை" என்பது

பொய்யான ஆறுதல். ஆலோசனை கேட்டு வந்தவரும் நம்பமாட்டார்.

அந்நியர்களுக்கான விதியைப் பழகியவர்கள்மீது சுமத்துவது

இதுதான் இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது. எலைன் வால்ஸ்டரும் சக ஆய்வாளர்களும் 1966இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் எல்லோருக்கும் தெரியும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 752 புதுமுக மாணவர்கள், கணினி தங்களுக்குப் பொருத்தமான ஜோடியைத் தேர்ந்தது என்று நம்பி ஒரு நடனத்துக்கு வந்தார்கள். உண்மையில் ஜோடி சேர்த்தது கிட்டத்தட்டக் குலுக்கல் முறையில்தான். இடைவேளையில் கேட்டபோது, ஜோடியை ஒருவருக்குப் பிடித்ததா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது அந்த ஜோடியின் தோற்றம். அறிவுத்திறனோ குணமோ அல்ல.

சரி, ஆனால் அவர்கள் பழகியது சில மணி நேரம். புதியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆலோசனை கேட்டு வந்த ஒருவர் தன்னுடன் நெடுநாளாக ஒரே குழுவில் பாடிவந்த பெண்ணை விரும்பினார். படத்தைப் பார்த்த புது ஆலோசகர், "அவங்க ரேஞ்சே வேற, உங்களுக்கு ஏத்த மாதிரி ஒருத்தரைப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். வந்தவர் மனம் நொந்து ஒத்திகைக்குப் போவதையே நிறுத்தினார். பிறகு நான் விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஒத்திகை முடிந்ததும் அந்தப் பெண் இவருக்காகக் காத்திருந்து பேசிவிட்டுப் போவது வழக்கம் என்று. அதை யாருமே கேட்கவில்லை. அதற்குள் அந்தப் பெண் வேறு ஊருக்குப் போய்விட்டார். சம்மதித்திருப்பாரா, தெரியாது. கேட்டுப் பார்க்கும் வாய்ப்பையே நாம் கெடுத்துவிட்டோம்.

லூசி ஹன்ட், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கெல் மூவரும் 2015இல் 167 ஜோடிகளைப் பற்றி எழுதினார்கள். அறிமுகமாகிச் சீக்கிரமே காதலிக்கத் தொடங்கியவர்கள் தோற்றத்தில் ஏறக்குறைய சமமாக இருந்தார்கள். நெடுநாள் பழகிய பின் காதலித்தவர்களிடம் அந்தச் சமநிலை தளர்ந்திருந்தது. காரணம் எளிது. முதல் நாளில் யார் அழகு என்பதில் பலரும் ஒத்துப்போவார்கள். பழகப் பழக அபிப்பிராயங்கள் பிரியும். ஒருவருக்குச் சாதாரணமாகத் தெரிபவர் இன்னொருவர் கண்ணுக்கு மிக அழகாகிவிடுவார்.

ஆகவே படத்தைக் கேட்பதற்கு முன்பு, எவ்வளவு நாளாகத் தெரியும், எங்கே சந்திக்கிறீர்கள், யார் முதலில் பேச வருகிறார் என்று கேளுங்கள்.

மறுத்தவரைச் சுற்றிவரச் சொல்வது

கூடாது. அதற்குப் பெயர் பழகுவது அல்ல.

வாயால் சொல்லும் பட்டியலை நம்புவது

தோற்றம் முக்கியம் என்று ஆண்களும், வருமானம் முக்கியம் என்று பெண்களும் கூடுதலாகச் சொல்வார்கள். ஈஸ்ட்விக்கும் ஃபிங்கெலும் 2008இல் வெளியிட்ட விரைவுச் சந்திப்பு (ஸ்பீட் டேட்டிங்: பலரை ஒருவர் பின் ஒருவராகச் சில நிமிடங்கள் சந்திப்பது) ஆய்வில், நேரில் பார்த்த பிறகு அந்த வேறுபாடு தென்படவில்லை. இரு பாலரையும் தோற்றம் ஒரே அளவில்தான் ஈர்த்தது. தாங்கள் முன்பு சொன்ன விருப்பங்களை வைத்து, யாரைப் பிடிக்கும் என்று ஊகிக்கவும் முடியவில்லை. எப்படிப்பட்டவர் வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி வாங்காமல், கடைசியாக யாரோடு பேசும்போது நேரம் போனதே தெரியவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.