வெள்ளைக்கல் அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்: தொழில்நுட்ப அறிக்கையை அமைக்கும் முறை

இறுதியாண்டுத் திட்ட அறிக்கை எழுத உட்காரும் மாணவர்களில் பெரும்பாலோர் முகப்புப் பக்கத்தையும் நன்றியுரையையும் அழகுபடுத்துவதில் ஒரு வாரத்தைக் கழித்துவிட்டு, அட்டவணைகளைக் கடைசி இரவில் அவசரமாகத் தட்டச்சு செய்கிறார்கள். சேலத்தில் இத்தகைய அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருபவன் என்ற முறையில், வேலையை நேர்மாறாகத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையைக் கையில் எடுக்கும் பொறியாளர் அதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிப்பது அரிது. சுருக்கத்தை ஒரு முறை பார்த்துவிட்டு நேரே அட்டவணைக்குப் போய்விடுவார். ஆகவே, முன்பின் பக்கங்களின் துணையில்லாமலே பொருள் விளங்கும்படி ஒவ்வோர் அட்டவணையும் அமைந்திருக்க வேண்டும்.

சேர்வராயன் மலையடிவாரத்தில் கிடைக்கும் வெள்ளைக்கல்லை, அதாவது மேக்னசைட்டை, ஒரு மாணவர் ஆய்வு செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய அட்டவணையின் தலைப்பு ‘மாதிரிகளின் முடிவுகள்’ என்றும், அதன் கீழே ‘மாதிரி 1: 44.5’ என்றும் இருந்தால், அந்த 44.5 எதைக் குறிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ‘அட்டவணை 3.2: சூளையில் சுடாத வெள்ளைக்கல் மாதிரிகளின் வேதிக்கூறுகள், எடை விழுக்காட்டில்’ என்று தலைப்பை மாற்றி, மெக்னீசியம் ஆக்சைடு, சிலிக்கா, கால்சியம் ஆக்சைடு, சுட்டபின் குறைந்த எடை என நிரல்களைப் பிரித்தால், அதே எண் பேசத் தொடங்குகிறது. தூய மெக்னீசியம் கார்பனேட்டில் மெக்னீசியம் ஆக்சைடு 47.8 விழுக்காடுதான், மீதமுள்ள 52.2 விழுக்காடு, சுடும்போது கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடும். எனவே சுடாத மாதிரிக்கு நேரே மெக்னீசியம் ஆக்சைடு நிரலில் 60 என்று ஓர் எண் இருந்தால், சுட்ட மாதிரி இடம் மாறி வந்திருக்கிறது அல்லது கணக்கு பிழைத்திருக்கிறது என்பதை வாசிப்பவர் உடனே கண்டுகொள்வார். தலைப்பில் ‘சுடாத’ என்ற ஒரு சொல் இல்லையென்றால் அந்தப் பிழை யார் கண்ணிலும் படாது.

ஒரே நிரலில் 44.5 என்றும் 44.52 என்றும் கலந்து எழுதக் கூடாது. கருவி எத்தனை தசம இடம் வரை நம்பத்தக்கதோ அத்தனை இடமே போதும். தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்படி எண்களை வலப்பக்கம் ஒதுக்குங்கள். வெற்றுக் கட்டம் எதையும் விடாதீர்கள், ஏனெனில் ‘அளக்கவில்லை’ என்பதும் ‘அளந்தும் தென்படவில்லை’ என்பதும் ‘சுழியம்’ என்பதும் மூன்று வெவ்வேறு செய்திகள்.

அட்டவணையின் தலைப்பு மேலேயும் படத்தின் தலைப்பு கீழேயும் வருவது வழக்கம். வரைபடத்தின் இரு அச்சுகளிலும் அளவின் பெயரும் அலகும் இருக்க வேண்டும். கோடுகளை நிறத்தால் மட்டும் வேறுபடுத்தினால், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் எல்லாம் ஒன்றாகிவிடும். ஒன்றைத் தொடர்கோடாகவும் மற்றொன்றைப் புள்ளிக்கோடாகவும் வரையுங்கள்.

அலகுகளில் பேச்சுவழக்கை நம்பக் கூடாது. நம் மாவட்டத்தில் ‘மேட்டூர் அணையின் கொள்ளளவு 120 அடி’ என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். 120 அடி என்பது முழு நீர்மட்டம், கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதாவது ஆயிரம் மில்லியன் கன அடி. பேச்சில் இது யாருக்கும் இடைஞ்சல் செய்யாது, ஆனால் அறிக்கையில் உயரமும் பருமனும் ஒன்றாகிவிட்டால் அதன்மேல் எழுப்பிய கணக்கு முழுவதும் சரிந்துவிடும். எண்ணுக்கும் அலகுக்கும் இடையே ஓர் இடைவெளி விடுங்கள். வேர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் ஒரு வரியிலும் அலகு அடுத்த வரியிலும் பிரிந்து போகாது.

நான் எழுதிய முதல் அறிக்கையில் அட்டவணை எண்களையெல்லாம் கையாலேயே அடித்திருந்தேன். மூன்றாம் இயலில் ஓர் அட்டவணையை இடையில் சேர்த்ததும் பின்னால் வந்த எண்கள் அனைத்தும் ஒன்று தள்ளிப்போயின. உரைக்குள் ‘அட்டவணை 3.4-ஐக் காண்க’ என்றிருந்த இடங்கள் பழைய எண்ணோடே அச்சாகிவிட்டன. அன்று முதல் தலைப்பெண்ணை வேர்டின் ‘இன்சர்ட் கேப்ஷன்’ வழியாகவும், உரையில் வரும் குறிப்பை ‘கிராஸ் ரெஃபரன்ஸ்’ வழியாகவும் மட்டுமே இடுகிறேன். இயல் தலைப்புகளுக்கு எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்குவது போதாது. ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்னும் ஸ்டைல்களைக் கொடுத்தால்தான் பொருளடக்கம் தானாக உருவாகும். திருத்தம் முடிந்ததும் கண்ட்ரோல் ஏ அழுத்தி, பின்பு எஃப் 9 அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும். முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும் இயல்களுக்கு 1, 2 என்ற எண்ணும் வேண்டுமானால், இடையில் ‘செக்‌ஷன் பிரேக்’ இட்டு, இரண்டாம் பகுதியில் ‘லிங்க் டு பிரீவியஸ்’ என்பதை நீக்க வேண்டும்.

அட்டவணைகளும் படங்களும் நிலைபெற்ற பிறகு செய்முறை, முடிவுகள், முன்னுரை என்ற வரிசையில் எழுதுங்கள். சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். ‘வெள்ளைக்கல்லின் தரம் ஆராயப்பட்டது’ என்பது சுருக்கமாகாது. எத்தனை மாதிரிகள், எங்கே எடுக்கப்பட்டவை, எந்த முறையில் அளக்கப்பட்டன, என்ன எண் கிடைத்தது, உலையின் சூட்டைத் தாங்கும் செங்கல் செய்ய அது போதுமா என்ற ஐந்துக்கும் அதில் விடை இருக்க வேண்டும். நீண்ட அளவீட்டுப் பட்டியல்கள் பிற்சேர்க்கைக்குப் போகட்டும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது வேர்டு கோப்பைக் கொண்டு போகாதீர்கள். கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் பக்கங்கள் நகர்ந்து அட்டவணைகள் உடையும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் வரிகள் வெறும் ஆங்கிலக் குறிகளாக மாறிவிடும். தமிழை யூனிகோடில் அடித்து, பி.டி.எஃப். ஆக்கி எடுத்துச் செல்லுங்கள். பைண்டிங்குக்காக இடப்பக்க மார்ஜினை மற்றவற்றைவிட அகலமாக விட்டு, முதலில் ஒரே ஒரு படி மட்டும் அச்செடுத்து, பொருளடக்கத்திலுள்ள பக்க எண் ஒவ்வொன்றையும் உரிய பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்த பின்பே மற்றப் படிகளுக்குச் சொல்லுங்கள்.